மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லை: அவுட்லுக், தண்டர்பேர்ட் நின்றுவிட்டால் எங்கிருந்து தொடங்குவது

கொம்பியூட்டரில் மெயில் பார்க்கப் பாவிக்கும் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ திடீரென்று மெயில் எடுப்பதை நிறுத்திவிட்டால் யாழ்ப்பாணத்தில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். கொம்பியூட்டர் தெரிந்த பொடியன் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து மெயில் கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். அதற்கும் சரிவராவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடுவார். அதோடு பல வருட மெயில் போய்விடும், பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும். கூகுள் உங்கள் பாஸ்வேர்டை ஏற்க மறுப்பதுதான் காரணம் என்றால், விண்டோஸை எத்தனை தரம் போட்டாலும் கூகுள் மறுத்துக்கொண்டுதான் இருக்கும்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் ராங்கியைப் பார்ப்போமே தவிர, பைப்பைக் கழற்றத் தொடங்க மாட்டோம். இங்கும் அந்த ஒழுங்குதான். பழுது இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: சேர்வரில் (மெயில்களை வாங்கி வைத்திருக்கும் மெயில் கொம்பனியின் கொம்பியூட்டரில்) இருக்கும் உங்கள் மெயில் கணக்கு, இடையில் இருக்கும் இணைய லைன், உங்கள் கொம்பியூட்டரில் இருக்கும் மென்பொருள். எது என்று தெரியும்வரை எந்தச் செட்டிங்கையும் மாற்றாதீர்கள்.

இது விருந்தினர் விடுதி, கணக்காளர் அலுவலகம், அச்சகம், ரியூட்டரி போன்ற இடங்களில் கொம்பியூட்டரில் மெயில் மென்பொருள் பாவிப்பவர்களுக்காக எழுதுவது. போனில் ஜிமெயில் ஆப் மட்டும் பாவிப்பவர்களுக்கு முதல் இரண்டு படிகளும், மெயில் பெட்டி நிரம்புவது பற்றிய பகுதியும் போதும்.

தொடமுன் செய்யவேண்டியவை

மென்பொருள் காட்டும் பிழைச் செய்தியை மூடாதீர்கள். போனை எடுத்து அதைப் படம் பிடியுங்கள். "என்னவோ இங்கிலீசில வந்தது, நான் ஓகே குடுத்திட்டன்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். அந்தச் செய்தியிலேயே பாதி விடை இருக்கும்.

அடுத்தது, எது நின்றிருக்கிறது என்று பாருங்கள். மெயிலை அனுப்புவதும் எடுப்பதும் மென்பொருளுக்கு இரண்டு தனித்தனி வேலைகள். அனுப்புவது எஸ்எம்டிபி என்ற முறையில், எடுப்பது ஐமேப் அல்லது பொப் என்ற முறையில் நடக்கிறது. சேர்வர் பெயர், போர்ட் எண் (சேர்வருக்குள் நுழையும் கதவின் எண் மாதிரி) எல்லாம் வேறு வேறு. வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் லைனும் பாஸ்வேர்டும் அநேகமாகச் சரி. எஸ்எம்டிபி செட்டிங்கிலோ, போகக் காத்திருக்கும் மெயில் கிடக்கும் அவுட்பொக்ஸ் போல்டரிலோதான் கோளாறு. போகிறது, ஆனால் வரவில்லை என்றால் பெட்டி நிரம்பியிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் அநேகமாக லைன், பாஸ்வேர்ட், கொம்பியூட்டரின் நேரம் ஆகிய மூன்றில் ஒன்று. கூகுள் கணக்கில் பெட்டி நிரம்பினாலும் இரண்டும் நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் கணக்கு ஐமேப்பா, பொப்பா என்று பாருங்கள். அவுட்லுக்கில் பைல் மெனுவுக்குப் போய் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தால் கணக்கின் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும். ஐமேப் என்றால் மெயில்கள் சேர்வரில் இருக்கின்றன. கொம்பியூட்டரில் இருப்பது பிரதிதான். பொப் என்றால் மெயில்கள் உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருக்கக்கூடும். அந்த நிலையில் கணக்கையோ டேட்டா பைலையோ அழித்தால் திரும்ப எடுக்க வழியில்லை. பொப் பாவிப்பவர்கள் வேறு எதையும் தொடமுன் மென்பொருளை மூடிவிட்டு, அவுட்லுக்கின் மெயில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஸ்டி பைலை அல்லது தண்டர்பேர்டின் புரொபைல் போல்டரை ஒரு வெளி டிஸ்கில் கொப்பி பண்ணி வையுங்கள்.

படி 1: பிரவுசரில் திறந்து பாருங்கள்

மென்பொருளை விட்டுவிட்டு, அதே மெயில் கணக்கைக் குரோம் அல்லது பயர்பொக்ஸில் திறவுங்கள். ஜிமெயில், யாகூ, அவுட்லுக் (மைக்ரோசொப்டின் மெயில் சேவைக்கும் இதே பெயர்தான்) கணக்கென்றால் அந்தந்தத் தளம். சொந்த டொமைனில் (உங்கள் நிறுவனத்தின் பெயரில் எடுத்த இணைய முகவரியில்) மெயில் வைத்திருப்பவர்கள், ஹோஸ்டிங் கொம்பனி (அந்த மெயிலுக்கும் தளத்துக்கும் சேர்வரில் இடம் தருபவர்கள்) தந்த வெப்மெயில் முகவரியில் திறக்கலாம். பின்னர் வேறொரு கணக்கிலிருந்து இதற்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள்.

பிரவுசரில் புது மெயில் வந்து, அங்கிருந்து பதிலும் போனால் கணக்கில் ஒரு குறையும் இல்லை. மென்பொருள் பக்கம்தான் கோளாறு. அதோடு நல்ல செய்தி ஒன்றும் உண்டு: அவசர வேலைகளைப் பிரவுசரிலேயே பார்த்துக்கொண்டு ஆறுதலாகத் திருத்தலாம்.

கணக்கு திறக்கிறது, ஆனால் அனுப்பிய மெயில் அங்கேயும் இல்லை என்றால் பெட்டி நிரம்பியதா, ஸ்பாம் போல்டரில் கிடக்கிறதா, யாராவது பில்டர் போட்டு வேறு போல்டருக்குத் திருப்பிவிட்டார்களா என்று பாருங்கள். பாஸ்வேர்டே ஏற்கவில்லை என்றால் நேராகப் படி 5க்குப் போகலாம்.

சொந்த டொமைன்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உங்கள் இணையத்தளம் திறக்கிறதா? அதுவும் திறக்கவில்லை என்றால் டொமைனுக்கோ ஹோஸ்டிங்குக்கோ காசு கட்டும் திகதி தவறியிருக்கக்கூடும். டாட் எல்கே ஆனாலும் டாட் கொம் ஆனாலும் டொமைன் காலாவதியானால் அதன் கீழுள்ள மெயில் எல்லாம் சேர்ந்து நிற்கும். இதில் ஒரு பொல்லாப்பு உண்டு. புதுப்பிக்கச் சொல்லி வரும் எச்சரிக்கை மெயில், தளத்தை முதலில் செய்து தந்த பொடியனின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். அவர் இப்போது லண்டனில் இருப்பார்.

படி 2: லைன்

"வாட்ஸப் வேலை செய்யுது, அப்ப நெற் இருக்குத்தானே" என்று முடிவு கட்டாதீர்கள். இலங்கையில் விற்கும் மொபைல் பக்கேஜ்களில் வாட்ஸப்புக்கும் பேஸ்புக்குக்கும் யூரியூப்புக்கும் தனி டேட்டா உண்டு. பொது டேட்டா முடிந்த பிறகும் வாட்ஸப் ஓடும், மெயில் ஓடாது. 4ஜி ரவுட்டரில் அலுவலகம் நடத்துபவர்கள் மாதக் கடைசியில் மெயில் நின்றால் முதலில் டேட்டா மீதியைப் பார்க்க வேண்டும். பரிசோதனை எளிது: வழக்கமாகப் போகாத ஒரு தளத்தை, ஒரு செய்திப் பத்திரிகைத் தளம் போதும், அதே கொம்பியூட்டரில் திறவுங்கள். அது திறக்காவிட்டால் பிரச்சினை மெயிலில் இல்லை.

கரண்ட் போய் வந்த பிறகு நின்றதென்றால் ரவுட்டரை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். பைபர் லைனில் சுவரில் பூட்டிய பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் பெட்டியை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுவது நல்லது.

அதற்கும் சரிவராவிட்டால் கொம்பியூட்டரைப் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து மெயிலை எடுத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது. ஹொட்ஸ்பொட்டில் மெயில் வந்து, அலுவலக லைனில் வராவிட்டால் கொம்பியூட்டரில் எதையும் மாற்றத் தேவையில்லை. அலுவலக லைனை யாரோ மறிக்கிறார்கள்.

யார் மறிப்பது? நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டுக்காரரால் நிரம்பும் ஒரு விருந்தினர் விடுதியை எடுத்துக்கொள்வோம். நடத்தும் அக்கா போன் பண்ணுகிறார்: "தம்பி, காலமையில இருந்து ஒரு மெயிலும் வருகுதில்லை. புக்கிங் போட்டிட்டம் எண்டு டொரன்டோவில இருந்து கோல் பண்ணுகினம், இஞ்ச ஒண்டையும் காணேல்லை."

விடுதியின் வைபையில் வெப்மெயில்கூடத் திறக்கவில்லை, போன் டேட்டாவில் திறக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று.

"அக்கா, கிட்டடியில பாஸ்வேர்ட் மாத்தினனீங்களோ?"

"ஓம், போன கிழமை. கொம்பியூட்டரிலயும் என்ர போனிலயும் புதுசு குடுத்திட்டன்."

"வேற எதிலயும் இந்த மெயில் போட்டிருக்கோ?"

"லாச்சிக்க ஒரு பழைய டப் கிடக்கு. அதை இப்ப ஆர் பாவிக்கினம்?"

அந்த டப்தான். யாரும் பாவிக்காவிட்டாலும் சார்ஜில் போட்டுக் கிடக்கும் டப் சில நிமிடத்துக்கொரு தடவை பழைய பாஸ்வேர்டோடு சேர்வரைத் தட்டிக்கொண்டிருக்கும். ஹோஸ்டிங் சேர்வரின் காவல் மென்பொருள் இதை யாரோ பாஸ்வேர்ட் ஊகிக்கிறார்கள் என்று எடுத்து, அந்த வைபையின் ஐபி முகவரியையே (இணையத்தில் உங்கள் லைனை அடையாளம் காட்டும் எண்ணை) அடைத்துவிடும். டப்பில் கணக்கை அகற்றிவிட்டு, ஐபியைத் திறந்துவிடும்படி ஹோஸ்டிங் கொம்பனியிடம் கேட்க வேண்டும். ரவுட்டரை நிறுத்திப் போட்டாலும் புது ஐபி கிடைத்து உடனே வேலை செய்யக்கூடும். ஆனால் டப்பைக் கவனிக்காமல் அதை மட்டும் செய்தால் அடுத்த நாள் திரும்பவும் அதே கதைதான்.

படி 3: ஓஃப்லைன்

சின்ன விசயம், ஆனால் அடிக்கடி நடப்பது. அவுட்லுக்கில் சென்ட் ரிசீவ் பட்டையில் வேர்க் ஓஃப்லைன் என்ற பட்டன் இருக்கிறது. கை பட்டு அது அழுத்துப்பட்டிருந்தால் எல்லாம் நிற்கும். தண்டர்பேர்டில் இடது கீழ் மூலையில் உள்ள சின்ன ஐகன் அதே வேலையைச் செய்கிறது. ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

படி 4: கொம்பியூட்டரின் நேரம்

கொம்பியூட்டரின் வலது கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். மணியை மட்டுமல்ல, வருடத்தையும்.

மெயில் சேர்வர் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழை அனுப்பும். அது இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். உங்கள் கொம்பியூட்டர் 2015இல் நின்றால், அதன் கணக்குக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. இணைப்பை மறுத்துவிடும். சான்றிதழ் செல்லாது என்றோ பாதுகாப்பான இணைப்பு இல்லை என்றோ செய்தி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பிரவுசரிலும் எல்லாத் தளமும் எச்சரிக்கை காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் மதர்போர்ட்டில் இருக்கும் காசு போன்ற வட்டப் பற்றரி. இலக்கம் சிஆர் 2032. மின்சாரம் இல்லாத நேரத்தில் திகதியைக் காப்பது அதுதான். இடி மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் பழைய டெஸ்க்டொப்பில் பற்றரி தேய்ந்திருந்தால் ஒவ்வொரு காலையும் திகதி பழையபடி பின்னுக்குப் போய்விடும். கொம்பியூட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தால் பற்றரி கண்ணுக்கு நேரே தெரியும். கொக்கியை மெதுவாக நெம்பினால் தானாக மேலே எழும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். மணிக்கூட்டுக் கடையிலேயே வாங்கலாம்.

பிறகு விண்டோஸ் நேரச் செட்டிங்கில் தானாக நேரம் எடுக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். நேர வலயப் பட்டியலில் எங்களுடையது ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயரில் இருக்கும். கொழும்பு என்று தேடினால் கிடைக்காது.

படி 5: பாஸ்வேர்ட்

மென்பொருள் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்கிறது, சரியானதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. இன்றைக்கு வரும் முறைப்பாடுகளில் பெரிய பங்கு இதுதான். பல வருடம் ஒழுங்காக ஓடியது, ஒருவரும் எதையும் மாற்றவில்லை, ஒரு நாள் நின்றுவிட்டது என்பார்கள். உண்மைதான், அவர்கள் மாற்றவில்லை. மாற்றியது கூகுளும் மைக்ரோசொப்டும்.

முன்பு மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் எந்த மென்பொருளும் உள்ளே போகலாம். தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்குக் கூகுள் அந்த வழியை 2022 மே 30இல் மூடத் தொடங்கியது. ஹொட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு மைக்ரோசொப்ட் 2024 செப்டம்பர் 16இல் மூடியது. இப்போது மென்பொருள் ஒரு சின்ன பிரவுசர் ஜன்னலைத் திறந்து, அதில் கூகுளின் அல்லது மைக்ரோசொப்டின் பக்கத்திலேயே நீங்கள் நுழைய வேண்டும். இந்த முறைக்கு ஓஓத் என்று பெயர்.

தண்டர்பேர்ட் பாவிப்பவர்களுக்கு இது எளிது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் சேர்வர் செட்டிங்ஸுக்குப் போய், ஓதென்டிகேஷன் மெதட் என்ற இடத்தில் நோர்மல் பாஸ்வேர்ட் என்பதை ஓஓத்2 என்று மாற்றுங்கள். அவுட்கோயிங் சேர்வர் பட்டியலில் எஸ்எம்டிபிக்கும் தனியாக மாற்ற வேண்டும். பலர் முதலாவதை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். மெயில் வரும், போகாது. தண்டர்பேர்டில் குக்கீயை அனுமதிக்காமல் வைத்திருந்தால் அந்த ஜன்னல் வேலை செய்யாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவுட்லுக் 2010 போன்ற பழைய பதிப்புகளுக்கு ஓஓத் தெரியாது. ஜிமெயிலென்றால் ஆப் பாஸ்வேர்ட் என்ற மாற்று வழி இருக்கிறது. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, கணக்குப் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று தேடினால் 16 எழுத்துப் பாஸ்வேர்ட் ஒன்றைத் தரும். அதை அவுட்லுக்கில் கொடுங்கள். யாகூவுக்கும் இதே வழி உண்டு. கூகுள் கணக்கின் பெரிய பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செத்துவிடும், புதிதாக எடுக்க வேண்டும். ஹொட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு இந்த வழி செல்லாது. பழைய அவுட்லுக்கை விட்டுத் தண்டர்பேர்டுக்கு மாறுவதுதான் செலவில்லாத தீர்வு.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். அப்பாவின் மெயில் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது கனடாவில் இருக்கும் மகன். சரிபார்ப்பு இலக்கம் போவது அவருடைய போனுக்கு. இங்கே காலை 10 மணிக்கு நீங்கள் முயன்றால், கோடை காலத்தில் டொரன்டோவில் இரவு 12.30. இலக்கம் சில நிமிடத்தில் காலாவதியாகும், மகன் நித்திரை. இரவு 7 மணிக்குப் பிறகு அவரை லைனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடிந்த கையோடு உள்ளூர் நம்பர் ஒன்றையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 உடன் வந்த மெயில் என்ற ஆப்பைப் பாவித்தவர்களுக்கு ஒரு வரி: அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2024 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. அதைத் திருத்த மினைக்கெட வேண்டாம்.

படி 6: சேர்வர், போர்ட்

கீழே தமிழில் எழுதும் சேர்வர் பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள்.

ஜிமெயில்: எடுப்பதற்கு ஐமேப்.ஜிமெயில்.கொம், போர்ட் 993. அனுப்ப எஸ்எம்டிபி.ஜிமெயில்.கொம், போர்ட் 465 அல்லது 587.

யாகூ: எடுப்பதற்கு ஐமேப்.மெயில்.யாகூ.கொம், போர்ட் 993. அனுப்ப எஸ்எம்டிபி.மெயில்.யாகூ.கொம், போர்ட் 465.

அவுட்லுக், ஹொட்மெயில்: எடுப்பதற்கு அவுட்லுக்.ஆபிஸ்365.கொம், போர்ட் 993. அனுப்ப எஸ்எம்டிபி-மெயில்.அவுட்லுக்.கொம், போர்ட் 587.

சொந்த டொமைனுக்கு ஹோஸ்டிங் கொம்பனி தந்ததைப் போடுங்கள். போர்ட் எண்கள் பொதுவாக இவையேதான். பொப் என்றால் 995. போர்ட் 993, 995, 465 ஆகியவற்றோடு எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ் என்பதையும், 587 உடன் ஸ்டார்ட் டிஎல்எஸ் என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். இவை இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் முறைகள். இவற்றை மாற்றிப் போட்டால் மென்பொருள் வெகுநேரம் சுழன்றுவிட்டுப் பிழை காட்டும்.

யாரோ முன்பு போட்டுத் தந்த செட்டிங்கில் அனுப்பும் போர்ட் 25 என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அது சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில் பாவிக்கும் போர்ட். ஸ்பாம் பரவாமலிருக்க இணையச் சேவை கொடுப்பவர்கள் பலர் அதை மறித்து வைப்பார்கள். லைன் கொம்பனியை மாற்றிய அன்று மெயில் போவது நின்றதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வருகிறது, போகவில்லை என்று அல்லாடும் சொந்த டொமைன்காரர்கள் அவுட்லுக்கில் மோர் செட்டிங்ஸைத் திறந்து, அவுட்கோயிங் சேர்வர் பக்கத்தில் ஓதென்டிகேஷன் வேண்டும் என்ற பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்வர் உங்களை அடையாளம் தெரியாத ஆளாக எடுத்து மறுத்துவிடும். யூசர் நேம் என்ற இடத்தில் முழு மெயில் முகவரியும் இருக்க வேண்டும்.

படி 7: அவுட்பொக்ஸில் சிக்கிய மெயில்

காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், விசாப் பத்திரங்கள் என்று எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஸ்கான்களுக்குக் கணக்கில்லை. ஸ்கானரின் தெளிவு அளவை 600 டிபிஐயில் விட்டு, கலரில், பத்துப் பக்க உறுதியை ஸ்கான் பண்ணினால் பைல் பெருத்துவிடும். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: இணைப்பு மெயிலில் ஏறும்போது எழுத்தாக மாற்றப்பட்டு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடும். ஆகவே டிஸ்கில் 18 எம்பிக்கு மேற்பட்ட பைல் மென்பொருளிலிருந்து போவது சந்தேகம். அப்படியொன்று அவுட்பொக்ஸில் சிக்கினால் அதற்குப் பின்னால் நிற்பவையும் சேர்ந்து நிற்கும். சில வேளை எடுப்பதும் தாமதமாகும்.

அவுட்லுக்கை ஓஃப்லைனாக்குங்கள். மூடித் திரும்பத் திறவுங்கள். அவுட்பொக்ஸில் உள்ள மெயிலை ட்ராப்ட்ஸ் போல்டருக்கு இழுத்துவிடுங்கள். பிறகு ஓன்லைனாக்கினால் மற்றவை போகத் தொடங்கும். ஓஃப்லைனாக்காமல் இழுத்தால், மெயில் அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லி விடாது. ஸ்கானை 200 டிபிஐயில் கறுப்பு வெள்ளையாகத் திரும்ப எடுங்கள், வாசிக்க அது போதும். கட்டாயம் பெரிதாகத்தான் வேண்டுமென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்கை அனுப்பலாம்.

படி 8: பெட்டி நிரம்பியிருந்தால்

இலவசக் கூகுள் கணக்கில் 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டுமல்ல, கூகுள் போட்டோஸுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோக்கள் போனிலிருந்து தானாக ஏறி 15 ஜிபியை நிரப்பினால் மெயில் அனுப்பவும் முடியாது, எடுக்கவும் முடியாது. மெயில்களை அழித்து அழித்துக் களைப்பதைவிட, போட்டோஸில் பெரிய வீடியோக்களை வேறிடத்தில் கொப்பி எடுத்துவிட்டு அழிப்பது விரைவு. குப்பையில் கிடப்பதும் இடம் பிடிக்கும், அதையும் வெறுமையாக்குங்கள்.

சொந்த டொமைனில் பெட்டி இன்னும் சின்னதாக இருக்கும். பொப் முறையில் எடுக்கும்போது சேர்வரில் ஒரு பிரதி விடு என்ற அடையாளம் போட்டிருந்தால், நீங்கள் கொம்பியூட்டரில் அழித்த மெயில்கூடச் சேர்வரில் கிடந்து பெட்டியை நிரப்பும். மோர் செட்டிங்ஸின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 14 நாளுக்குப் பிறகு சேர்வரிலிருந்து எடுத்துவிடு என்று வைக்கலாம். அதன் பின் கொம்பியூட்டரில் உள்ளதே ஒரே பிரதி என்பதால், மாதம் ஒருமுறை பக்கப் எடுக்காதவர்கள் இதைச் செய்யாமல் வெப்மெயிலில் போய்க் கையால் அழிப்பது மேல்.

படி 9: அன்ரிவைரஸ், டேட்டா பைல்

சில அன்ரிவைரஸ்கள் மெயிலைத் தாமே இடைமறித்துச் சோதிக்கும். அதன் சந்தா முடிந்தாலோ அது தன்னைப் புதுப்பித்த உடனேயோ மெயில் நின்றால், அதன் மெயில் பாதுகாப்பு வசதியை மட்டும் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள். வேலை செய்தால் அந்த ஒன்றை நிரந்தரமாக நிறுத்தலாம். இணைப்புப் பைலைத் திறக்கும்போது அன்ரிவைரஸ் எப்படியும் பார்க்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அவுட்லுக்கின் பிஎஸ்டி பைல் பழுதாகக்கூடும். ஆபிஸ் போல்டருக்குள் ஸ்கான்பிஎஸ்டி என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. அவுட்லுக்கை மூடி, பைலைக் கொப்பி எடுத்துவிட்டு அதை ஓட்டுங்கள். பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்ப ஓட்டலாம். அவுட்லுக் 2010இலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் பிஎஸ்டியின் எல்லை 50 ஜிபி, 2007இல் 20 ஜிபி. அவுட்லுக் 2002க்கும் அதற்கு முந்திய பதிப்புகளுக்கும் உருவாக்கிய பைலை இன்றுவரை கொண்டுவந்திருந்தால் 2 ஜிபியோடு நின்றுவிடும். தண்டர்பேர்டில் போல்டரின் மேல் வலது கிளிக் செய்து கொம்பக்ட் கொடுத்தாலே பல கோளாறுகள் தீரும்.

விண்டோஸ் 7இல் பழைய அவுட்லுக் ஓட்டுபவர்களுக்கு டிஎல்எஸ் 1.2 என்ற புதிய பூட்டு முறை தானாக வராது, சேர்வர்களோ அதற்குக் கீழானவற்றை ஏற்பதை நிறுத்தி வருகின்றன. அதற்கென ஒரு அப்டேட் போடலாம். அந்த மெசினுக்கு அவ்வளவு மினைக்கெடுவது பிரயோசனமில்லை என்பது என் எண்ணம்.

படி 10: போன மெயில் திரும்பி வந்தால்

மென்பொருள் அனுப்பிவிட்டது, ஆனால் சற்று நேரத்தில் திரும்பி வருகிறது என்றால் அதிலுள்ள மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிகம். சேர்வர் தானே திரும்ப முயலும், நீங்கள் பொறுத்திருக்கலாம். 5இல் தொடங்கினால் நிரந்தரம். 535 என்பது அனுப்பும்போதே மென்பொருளில் வரும்; பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை என்று அர்த்தம். 550 என்றால் முகவரி பிழை அல்லது உங்களை மறுத்துவிட்டார்கள். 552 என்றால் அவர்களின் பெட்டி நிரம்பியது அல்லது உங்கள் மெயில் பெரிது. 554 என்றால் ஸ்பாம் என்று சந்தேகப்பட்டிருக்கலாம்.

மற்றவர்களுக்குப் போகிறது, ஜிமெயில்காரருக்கு மட்டும் 550 என்று திரும்புகிறது என்றால் சொந்த டொமைன்காரர்கள் எஸ்பிஎப், டிகேஐஎம் என்ற இரண்டையும் பற்றி ஹோஸ்டிங் கொம்பனியிடம் கேட்க வேண்டும். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் பதிவுகள் இவை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இதை உங்கள் கொம்பியூட்டரில் திருத்த முடியாது.

எல்லாம் பார்த்தும் சரிவராவிட்டால்

இப்போதும் கணக்கை அழிக்க வேண்டாம். அவுட்லுக்கை மூடி, கொன்ட்ரோல் பனலில் மெயில் என்ற ஐகனைத் திறந்து புதிய புரொபைல் ஒன்றை உருவாக்கி, அதில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழையது தொடப்படாமல் அப்படியே இருக்கும். தண்டர்பேர்டிலும் புதிய புரொபைல் தனியாக ஆரம்பிக்கலாம். புதியதில் வேலை செய்தால் பழைய புரொபைல்தான் பழுது. பழைய பிஎஸ்டியைப் புதியதில் திறந்து, மெயில்களை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

புதியதிலும் வராவிட்டால் ஹோஸ்டிங் கொம்பனிக்கோ லைன் கொம்பனிக்கோ போன் பண்ணும் நேரம். "மெயில் வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். நின்ற நேரம், அனுப்புவதா எடுப்பதா, பிரவுசரில் திறக்கிறதா, ஹொட்ஸ்பொட்டில் வருகிறதா, போர்ட் எண் எது என்பவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பிழைச் செய்தியின் படத்தையும் அனுப்புங்கள். ஐபி அடைபட்டிருக்கும் என்று சந்தேகமென்றால், கூகுளில் வட் இஸ் மை ஐபி என்று ஆங்கிலத்தில் தேடி, அலுவலக வைபையிலிருந்து வரும் எண்ணைக் கொடுக்க வேண்டும். போன் டேட்டாவில் தேடினால் வேறு எண்தான் வரும்.